நாயோடு மட்டக்களப்பு நகரில் கடைக்கும் சேவைக்கும் போய்வர: முழுமையான வழிகாட்டி

புளியந்தீவிலோ கோட்டைமுனையிலோ கல்லடியிலோ "நாயோடு வரலாம்" என்று பலகை தொங்கும் கடையைத் தேடினால் கால்தான் வலிக்கும். இங்கே அனுமதி என்பது முதலாளியின் வாயிலிருந்து வருவது. இன்று தந்ததை நாளை திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவரால் முடியும். ஆகவே எந்தக் கடை விடும் என்பதைப் பிறகு பார்க்கலாம். கடைக்காரர் "சரி, நில்லுங்க" என்று சொல்லும்படியான நாயையும் ஆளையும் முதலில் தயார் செய்ய வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நாய் வாங்கி ஒரு மாதத்தில் திருகோணமலை வீதிக்குக் கூட்டிப் போகிறார்கள், அது பஸ் ஹோனுக்கு வெருண்டு அரிசி மூட்டையில் மோதுகிறது, அந்தக் கடைக் கதவு ஒரேயடியாக அடைபடுகிறது. கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

1. ஊசியும் அதற்கான அட்டையும்

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. முதல் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று நான்கு கிழமை பொறுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை, அட்டையில் எழுதிய திகதிக்கு முன்பே போடுங்கள்.

குட்டிக்கு இதைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 கிழமை வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு கிழமை இடைவெளியில், 16 கிழமை வயது வரை போகும். அது முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கி நடத்த வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்போதும் கையில் அல்லது கூடையில் வைத்திருங்கள், தரையில் விட வேண்டாம்.

எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வெள்ளம் நிற்கும் ஊர் இது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் நடக்கும், நக்கும்.

பலர் காசு மிச்சம் பிடிக்க ஊசி மருந்தைத் தாங்களே வாங்கி சொப்பிங் பையில் போட்டு வெயிலில் கொண்டுவருகிறார்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சூடுபட்ட மருந்து ஊசிக்குழலில் நல்ல மருந்து போலவேதான் தெரியும், வேலை மட்டும் செய்யாது. வைத்தியரின் குளிர்பெட்டியிலிருந்து நேரே போடுவதுதான் சரி. பி.எச்.ஐ. மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) பகுதி பகுதியாக நடத்தும் தடுப்பூசி முகாமும் நல்லது. ஆனால் அங்கே கட்டாக்காலி நாய்களும் கூடும், சண்டை வரும். முகாம் திறந்த உடனே, கூட்டம் சேருமுன் போய்விடுங்கள்.

நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவது சட்டப்படி சொந்தக்காரரின் கடமை. 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. மாநகர சபையில் ஊசி அட்டையைக் காட்டி விசாரியுங்கள். அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்திருங்கள். கடைக்காரர் "ஊசி போட்டதா?" என்று கேட்டால் வாயால் சொல்வதைவிடத் திகதியைக் காட்டுவது பேச்சைக் குறைக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

இரும்புச் சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெயிலில் சுடும், ஓட்டோவில் சிக்கும், கடை வாசலில் கலகலக்கும் சத்தத்துக்கே ஆட்கள் விலகுவார்கள். நைலோன் அல்லது பருத்தி நாடாவில் 4 முதல் 5 அடி நீளமான கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் வகைக் கயிறு கடை வாசலுக்கு ஆகாது. பூட்டைத் தட்டுமுன் நாய் அடுத்த ஆளின் காலைச் சுற்றிவிடும்.

கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால், பயந்து பின்னால் இழுக்கும் நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு மார்புப்பட்டி நல்லது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அந்த அளவோடு போய் வாங்குங்கள். "மீடியம்" என்று கேட்டு வாங்கினால் பாதி நாய்க்குப் பொருந்தாது. பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால் எழுதுங்கள்.

வாய்க்கூடை பற்றி ஒரு விளக்கம். வாயை இறுக்கிக் கட்டும் துணிக்கூடு, வைத்தியர் ஊசி போடும் ஓரிரு நிமிடத்துக்கு மட்டும். நாய் நாக்கை நீட்டி இளைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. வாய் கட்டிய நாயை நம் வெயிலில் நடத்தினால் அது மயங்கி விழும். கூண்டு மாதிரியான வாய்க்கூடைக்குள் வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாங்கிய அன்றே மாட்ட வேண்டாம். கூடைக்குள் இறைச்சித் துண்டு வைத்து, நாய் தானாக மூக்கை விடப் பழகும்வரை ஒன்றிரண்டு கிழமை கொடுங்கள்.

இவற்றோடு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், சிறு கிண்ணம், மலம் அள்ள நான்கைந்து பைகள், ஒரு பழைய துவாய்.

3. வீட்டில் பழக்க வேண்டியவை

"இரு", "விடு", "வா". இந்த மூன்று சொல்லும் போதும், ஆனால் வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "இரு" என்றும் மகன் "சிற்" என்றும் சொன்னால் நாய் இரண்டையும் சத்தமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் நீட்டினால் சலித்துவிடும்.

"விடு" இந்த ஊரில் அதிகம் உதவும். வாசலில் கருவாடு தொங்கும், கோழிக் குடல் கிடக்கும், கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களின் இரை சிதறிக் கிடக்கும். அந்த இரைக்குள் தூண்டில் முள் இருந்தால் அது நேரே சத்திரசிகிச்சை. விழுங்கிய முள்ளின் நூல் வாயில் தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டுப் படியில் ஒரு பாயைப் போட்டு, அதன்மேல் நாயை "இரு" சொல்லி இருத்துங்கள். பக்கத்தில் ஒருவர் பையைச் சரசரவென்று திறக்கட்டும், இன்னொருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பட்டும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் நாய் கடைக்குத் தயார். அதற்கு முன் தயார் இல்லை.

ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கடைகளிலிருந்து நாய் விரட்டப்படுவதற்குக் கடியோ குரைப்போ அல்ல, பெரும்பாலும் மூத்திரமே காரணம். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, கதவு மூலை என்று முன்பு வேறு நாய் அடித்த இடமெல்லாம் இதுவும் காலைத் தூக்கும். ஆண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் இந்தப் பழக்கம் குறையும். செய்யாவிட்டால், கடைக்கு முந்திய வெறும் வளவிலோ மின்கம்பத்திலோ நிறுத்தி, முழுவதும் முடித்த பிறகே நடத்துங்கள்.

4. நேரமும் பாதையும்

காலை 6 முதல் 8 வரை, மாலை 5.30க்குப் பிறகு. புறங்கையைத் தார் வீதியில் 7 விநாடி வையுங்கள். பொறுக்க முடியாவிட்டால் நாயின் உள்ளங்காலும் பொறுக்காது. வாவிக்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். ஈரக்காற்றில் இளைப்பு சூட்டைச் சரியாக வெளியேற்றாது. அதனால் வெயில் தெரியாத மூடுபட்ட நாளிலும் நாய் களைக்கும். பக் போன்ற மூக்குத் தட்டையான நாயை மத்தியானம் வெளியே கொண்டுபோகவே வேண்டாம்.

இளைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, அக்குள், பாதத்தில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கட்டியால் மூட வேண்டாம். நனைத்தபடியே வைத்தியரிடம் போங்கள்.

முதல் சில தடவைகள் புளியந்தீவின் உள் வீதிகளில் ஞாயிறு காலை போங்கள். பாடசாலை நாளில் காலை ஏழரை மணிக்குப் பழகாத நாயோடு பிரதான வீதிக்கு வருவது வீண் வேலை. கோயில் திருவிழாக் காலத்தில், மாமாங்கத்தில் ஆடி அமாவாசைக்கு ஆட்கள் கூடும் நாட்களில், அந்தப் பக்கமே வேண்டாம். வெடிச் சத்தத்துக்கு அறுத்துக்கொண்டு ஓடிய நாய் திரும்பி வருவது அதிர்ஷ்டம்.

கட்டாக்காலி நாய்கள் ஒவ்வொரு முடக்கிலும் உண்டு. அவை தங்கள் எல்லையைத்தான் காக்கின்றன. எதிரே கண்டால் நேரே போகாமல் வீதியின் மறுபக்கமாக வளைந்து போங்கள். கிட்ட வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நில்லுங்கள். குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை செய்தாலே பெரும்பாலானவை பின்வாங்கும். குடையைச் சட்டென்று விரிப்பது இன்னும் நல்லது. கயிற்றை இறுக்கி இழுத்தால் பயம் கயிறு வழியே உங்கள் நாய்க்கும் போய், சண்டையை அது தொடங்கும். பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் மூன்று கிழமையும் வெளியே கொண்டுபோக வேண்டாம்.

5. எந்தக் கடை, எப்படிக் கேட்பது

முன்பக்கம் திறந்த, சாப்பாடு இல்லாத கடைகளில் தொடங்குங்கள். ஹாட்வெயார், சைக்கிள் திருத்தும் கடை, பூங்கன்று விற்கும் இடம், மாட்டுத்தீவனக் கடை, வீதியோரத் தையல்காரர், வாசலிலேயே மேசை போட்ட போட்டோகொப்பிக் கடை. தீவனக் கடைக்காரர்கள் மிருகம் பழகியவர்கள், கேள்வி குறைவு.

சாப்பாட்டுக் கடை, பேக்கரி, இறைச்சிக் கடை, மீன் சந்தை, பாமசி, சுப்பர்மார்க்கெட் ஆகியவற்றுக்குள் கேட்கவே வேண்டாம். உணவு கையாளும் இடத்தில் மிருகம் நிற்பதைப் பி.எச்.ஐ. கண்டால் மாட்டுப்படுவது முதலாளிதான். உங்களுக்காக அவர் ஏன் அந்தத் தலையிடியை வாங்க வேண்டும்? கல்லடிக் கடற்கரையிலும் பாசிக்குடாவிலும் வெளியே மேசை போட்ட இடங்களில் சிலர் விடுவார்கள். ஓர மேசையைக் கேளுங்கள், சமையல் பக்கம் காற்று வீசாத திசையில் இருங்கள். தங்கும் விடுதி என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் மூன்றையும் கேட்டுவிடுங்கள்: அறைக்குள் விடுவீர்களா, வளவில் வேறு நாய் உண்டா, மதில் முழுமையாக அடைத்ததா?

முதல் தடவை நாய் இல்லாமல் போய்க் கேளுங்கள். நாயோடு போய்க் கேட்டால், முகத்துக்கு முன்னே மறுக்கக் கூச்சப்பட்டுச் சிலர் "சரி" என்பார்கள். அந்தச் "சரி" நிலைக்காது.

"அண்ணே, எங்கட வீட்டு நாய் ஒண்டு இருக்கு, ஊசி எல்லாம் போட்டது. வாற கிழமை கையில பிடிச்சிக்கிட்டு வாசலோட நிண்டு சாமான் வாங்கினா உங்களுக்குக் கரைச்சலா?"

முஸ்லிம் முதலாளி என்றால் "நானா", பெண் என்றால் "அக்கா", "ராத்தா". பதில் இழுபட்டால் அதை "இல்லை" என்றே எடுங்கள். "பரவாயில்லை நானா, நான் தனிய வாறன்" என்று சொல்லிவிட்டு வழமைபோலச் சாமான் வாங்குங்கள். நெருக்கிக் கேட்பவருக்குத்தான் இரண்டாம் தடவையும் மறுப்பு வரும்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, கல்முனை வழியே போகிறவர்கள் இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ முறைப்படி, நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். பள்ளிவாசலுக்குப் போகும் ஒருவரின் சாரத்தில் உங்கள் நாயின் மூக்கு உரசினால், அவர் வீடு திரும்பிக் கழுவிவிட்டுத்தான் தொழப் போக முடியும். நாய் மேலுள்ள வெறுப்பு என்று அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். ஒரு கை நீளத்துக்கு மேலாகவே இடைவெளி விடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி வீதிகளைத் தவிருங்கள். கடலில் நனைந்த நாயைத் துவாயால் துடைத்து உலர்த்திய பிறகே ஆட்கள் பக்கம் கொண்டுவாருங்கள், அது உடம்பை உதறினால் இரண்டு மூன்று பேர் நனைவார்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். தெரியாமல் தொழுவதைவிடத் தெரிந்து கழுவுவதையே அவர் விரும்புவார்.

கோயிலும் அப்படித்தான். வைரவருக்கு நாய்தான் வாகனம், அதற்காக நம் நாய்க்கு உள்வீதி உரிமை கிடையாது.

6. வாசலில் நின்று வாங்கும் ஒழுங்கு

வேண்டிய சாமானை முன்பே தொலைபேசியில் அல்லது வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். காசையும் மாற்றியபடி கொண்டுபோங்கள். ஒரு கை கயிற்றில் இருக்கும்போது ஐயாயிரம் ரூபாத் தாளுக்கு மிச்சம் எண்ணி வாங்க முடியாது.

வாசலில் நீங்கள் கடைப் பக்கம், நாய் வீதியை விட்டு விலகிய சுவர்ப் பக்கம். கயிறு கையில் இரண்டு சுற்று, தளர்ந்து தொங்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நாய் எழுந்து சுற்றத் தொடங்குவது "போதும்" என்று சொல்வது.

நாயைக் கட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கட்டினால் இழுத்து விழுத்தும், கடை வாசல் கம்பியில் கட்டினால் வருகிறவர் எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், கட்டாக்காலி நாய் வந்தால் தப்ப வழி இராது. கட்டிய நாய்க்கு ஓட முடியாது, அதனால் கடிக்கும்.

பிள்ளைகள் ஓடிவந்தால் நீங்கள் முன்னுக்கு நின்று, "கேட்டுட்டுத் தொடுங்க மக்கள்" என்று சொல்லுங்கள். தொடவிடும்போது தலைக்கு மேலால் அல்ல, நெஞ்சுப் பக்கமாக. மலத்தை உடனே அள்ளுங்கள். பக்கத்துக் கடைக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

7. ஓட்டோவில்

வழமையாகப் போகும் ஓட்டோக்காரரிடம் ஏறுமுன் கேளுங்கள், வந்து நிற்கும்போது அல்ல. இருக்கையில் ஏற்றாமல், பழைய துணி விரித்துக் காலடியில் இருத்துங்கள். இரண்டு பக்கமும் திறந்த வாகனம், ஆகவே கயிற்றை ஓர் அடிக்குச் சுருக்கிப் பிடியுங்கள். கம்பியில் கட்ட வேண்டாம், குதித்தால் தொங்கிவிடும். ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வாந்தி குறையும். காசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அடுத்த தடவை அவரே "நாய் வரேல்லையா?" என்று கேட்பார்.

பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். மோட்டார் சைக்கிள் தாங்கியின் மேல் நாயை இருத்திப் போவதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

8. வைத்தியர், குளிப்பாட்டல், விட்டுவிட்டுப் போதல்

அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடு, ஆடு, கோழி வேலைதான் அதிகம். வைத்தியர் பண்ணைக்குப் போயிருக்கக்கூடும், அதனால் அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். சத்திரசிகிச்சை, ஸ்கேன் போன்றவற்றுக்குத் தனியார் வைத்தியரிடம் முன்பதிவு செய்யுங்கள். புதிய மலம் சிறிதைச் சுத்தமான போத்தலில் கொண்டுபோங்கள். இருமல், வலிப்பு, நொண்டல் இருந்தால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வைத்தியர் முன்னே நாய் நன்றாகவே நடக்கும்.

இரண்டு தவறுகள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பது. அது நாயின் ஈரலைக் கெடுக்கும், அளவைக் கண்ணால் மட்டிட முடியாது. மற்றது, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்மட்டாகக் கலந்து நாய்க்குப் பூசுவது. செறிவு கூடினால் நாய் உமிழ்நீர் வடித்துத் தள்ளாடும். நாய்க்கென்று செய்த மருந்தை, நாயின் நிறையைச் சொல்லி வாங்குங்கள்.

குளிப்பாட்ட வீட்டுக்கு வருகிறவரைப் பிடித்தால் நல்லது. வேறு நாயின் உண்ணியும் தோல் நோயும் கூட வராமல் இருக்க, அவருடைய துவாயையும் சீப்பையும் அல்ல, உங்களுடையதையே கொடுங்கள். மனிதர் சம்பூ வேண்டாம். காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்து, முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது யாரிடமாவது விடுவதானால், முந்திய கிழமை ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஒரு தாளில் சாப்பாட்டு அளவு, நேரம், மருந்து, வைத்தியரின் இலக்கம் எழுதிக் கொடுங்கள். படலைக்குக் கீழே உள்ள இடைவெளியை நீங்களே குனிந்து பாருங்கள்.

9. கடித்துவிட்டால்

வாக்குவாதம் பிறகு. கடிபட்டவரின் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. கீறலாக இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், பெரிய காயம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஊசி அட்டையைக் கொடுங்கள், ஆனால் "ஊசி போட்ட நாய்தானே" என்று சொல்லி அவரை வீட்டில் நிறுத்தாதீர்கள். ஊசி தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது வைத்தியர். நாயைப் 14 நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். நடத்தை மாறினாலோ இறந்தாலோ உடனே அறிவிக்க வேண்டும். அந்த நாட்களில் நாய் காணாமல் போனால் கடிபட்டவருக்கு முழுச் சிகிச்சை தவிர வேறு வழி இல்லை.

10. கடை வைத்திருப்பவருக்கு

நாயோடு வருகிறவர்களை விடலாம் என்று நினைத்தால், வாசலின் ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்குங்கள். மறுபக்கம் நாய்க்குப் பயந்தவர்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பலகையில் மூன்று வரி போதும்: "நாய் வாசல் வரை. கயிறு கையில். ஊசி அட்டை கேட்போம்." அரிசி, மாவு மூட்டைகளைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திய பலகையில் அடுக்குங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வைப்பதானால் கனமான மண் சட்டி நல்லது, கவிழாது. கடை பூட்டும்போது அதைக் கொட்டி, உரஞ்சிக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். நுளம்பு முட்டை சட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. டெங்குப் பரிசோதனைக்கு வரும் பி.எச்.ஐ. முதலில் எட்டிப் பார்ப்பதும் இப்படியான சட்டிக்குள்தான்.